எதிர் வீட்டுக் கேமரா எங்கள் வாசலைப் பார்க்கிறது: சட்டம் என்ன செய்யும்?

மதுரை செல்லூரில் ஒரு சந்துக்குள் குடியிருக்கும் சகோதரி ஒருவர் கேட்டிருப்பது இது. எதிர் வீட்டு அண்ணன், பைக் திருட்டுப் போன பிறகு வாசலுக்கு மேலே இரண்டு சிசிடிவி கேமரா மாட்டினார். அதில் ஒன்று இவர் வீட்டு வாசலையும், மாடியில் துணி காயப் போடும் இடத்தையும் பார்த்தபடி இருக்கிறது. அவர் அதைக் கைபேசியிலேயே பார்க்கிறார். கேட்டால், "தெருவுக்கே பாதுகாப்புதானே தங்கச்சி" என்கிறார். விடிகாலையில் கோலம் போடக் குனியவே கூச்சமாக இருக்கிறது. போலீஸில் சொன்னால் எடுப்பார்களா? அந்தரங்க உரிமை என்று சொல்கிறார்களே, அது இதற்குப் பொருந்தாதா? கடைசி வரியில் இன்னொன்றும் கேட்டிருக்கிறார்: திருவிழாக் கூட்டத்தில் முகத்தை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கும் போலீஸ் கேமராவுக்கு யார் அனுமதி கொடுத்தது?

பார்வைக்கு இரண்டு கேள்வி. எனக்கு ஒரே கேள்வியாகத்தான் படுகிறது. என்னைப் பார்க்கிற கண்ணை நான் திருப்பிக் கேட்க முடியுமா, பார்த்ததை யார் வைத்திருக்கிறார், எத்தனை நாள் வைத்திருக்கிறார், யாரிடம் காட்டுகிறார் என்று கேட்க எனக்கு உரிமை உண்டா என்பதுதான் அது. மதுரை மாவட்ட நீதிமன்றத்திலும் ஒத்தக்கடை உயர் நீதிமன்றக் கிளையிலும் இருபது ஆண்டுகளுக்கு மேல் வழக்கு நடத்தி வருகிறேன். பெரும்பாலும் சொத்து, பாதை, சுவர்ச் சண்டைகள். கடந்த சில வருடங்களாக அந்தச் சுவர்ச் சண்டைகளுக்குள்ளேயே கேமராவும் வந்துவிட்டது. அந்த அனுபவத்தில் சொல்கிறேன். உங்கள் சந்தை நான் நேரில் பார்க்கவில்லை. கேமராவின் கோணம் கொஞ்சம் மாறினாலும் சட்டத்தின் பதில் மாறும் என்பதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

உறுதியாகச் சொல்லக்கூடியதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்பதில் இனி யாருக்கும் சந்தேகம் வேண்டாம். 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் புட்டசாமி வழக்கில் ஒருமனதாக அப்படித் தீர்ப்பளித்தார்கள். அதற்கு முன்பு 1954-லும் 1962-லும் வந்த இரண்டு பெரிய அமர்வுத் தீர்ப்புகள் வேறு மாதிரி பேசியிருந்தன. 1962-ல் வந்தது கரக் சிங் வழக்கு. உத்தரப் பிரதேசத்தில் ஒருவர் வீட்டுக் கதவைப் போலீஸார் நள்ளிரவில் தட்டி, இருக்கிறாரா என்று பார்த்துவிட்டுப் போவார்கள். இரவில் வீட்டுக்கு வருவது கூடாது என்று சொன்ன அதே தீர்ப்பு, அவருடைய நடமாட்டத்தைக் கவனிப்பதில் தவறில்லை, அந்தரங்கம் என்று ஓர் உரிமை நம் அரசமைப்பில் இல்லை என்றும் சொன்னது. அந்த வாக்கியத்தை அழிக்க 55 வருடம் ஆனது. இடையில் 1994-ல் நம் தமிழ்நாட்டிலிருந்து போன ஆர். ராஜகோபால் வழக்கில், ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை ஒரு பத்திரிகை வெளியிடலாமா என்ற பிரச்சினையில், தனியாக விடப்படுவதற்கு ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் எழுதியது. அதே தீர்ப்பு இன்னொன்றையும் சொன்னது: இந்த உரிமைக்கு இரண்டு முகம். ஒன்று அரசுக்கு எதிரானது. இன்னொன்று, தனி ஆள் மீறினால் நஷ்டஈடு கேட்கும் சிவில் உரிமை. உங்களுக்கு வேண்டியது இந்த இரண்டாவது முகம்.

எதிர் வீட்டு அண்ணன் அரசாங்கம் கிடையாதே, அவர்மேல் அடிப்படை உரிமையைக் காட்ட முடியுமா என்று கேட்கலாம். 2023 ஜனவரியில் கௌஷல் கிஷோர் வழக்கில், அரசமைப்பின் 19, 21 பிரிவுகள் தரும் உரிமைகளைத் தனியாருக்கு எதிராகவும் கோரலாம் என்று உச்ச நீதிமன்றம் பெரும்பான்மையாகச் சொல்லியிருக்கிறது. கொள்கை அளவில் கதவு திறந்தாயிற்று. ஆனால் அந்தக் கதவு வழியாக ஒரு சாதாரண முன்சீப் கோர்ட்டில் சந்துக் கேமராவை எப்படி இறக்குவது என்பதற்குத் தேய்ந்த பாதை இன்னும் விழவில்லை. அதனால் நாங்கள் பழைய சிவில் சட்டத்தைத்தான் கையில் எடுக்கிறோம்.

அந்தப் பழைய சட்டத்தைப் பற்றி ஒரு செய்தி சொல்ல வேண்டும். எனக்கு மிகவும் பிடித்தது. பாதை, வெளிச்சம் போல அடுத்தவர் சொத்தின் மேல் நமக்குள்ள உரிமைகளைச் சொல்லும் 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு, ஊர் வழக்கத்தால் வரும் உரிமைகளைப் பற்றியது. அதற்குக் கீழே தந்திருக்கும் உதாரணங்களில் ஒன்று: ஓர் ஊரின் வழக்கப்படி, பக்கத்து வீட்டாரின் அந்தரங்கத்துக்குப் பெரிய அளவில் குந்தகம் வரும்படி யாரும் புதிதாக ஜன்னல் திறக்கக் கூடாது. மின்சாரம்கூட வராத காலத்தில் எழுதிய வரி இது. 1888-ல் அலகாபாத் உயர் நீதிமன்றம் கோகல் பிரசாத் வழக்கில் இந்த வழக்கத்தை ஏற்று, பெண்கள் புழங்கும் பகுதியைப் பார்க்கும்படி வைத்த திறப்பை மூட வேண்டும் என்றது. குஜராத்திலும் அப்படி. நம் சென்னை உயர் நீதிமன்றம் மட்டும் அன்றே வேறு வழி எடுத்தது: இங்கே அப்படி ஒரு பொது வழக்கம் கிடையாது, ஜன்னல் வைத்தால் வைத்ததுதான், வேண்டுமானால் நீ உன் பக்கம் சுவர் எழுப்பிக்கொள். இன்றும் எதிர்த்தரப்பு வக்கீல்கள் அந்தப் பழைய தீர்ப்புகளைத் தூசி தட்டி எடுத்து வருவார்கள். புட்டசாமிக்குப் பிறகு அவற்றின் பலம் குறைந்துவிட்டது என்பது என் கருத்து. தவிரவும் ஜன்னல் வேறு, கேமரா வேறு. ஜன்னலில் நிற்பவர் கண் அசந்து போவார், நீங்களும் அவரைப் பார்ப்பீர்கள், அவர் பார்த்தது அவர் ஞாபகத்தோடு போகும். கேமரா இமைக்காது, பார்த்ததைச் சேர்த்து வைக்கும், அடுத்த ஊரில் இருப்பவருக்கும் காட்டும்.

இனி போலீஸ். இங்கேதான் நிறையப் பேர் ஏமாந்து போகிறார்கள். பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆம் பிரிவு, ஒரு பெண் தனிமையை எதிர்பார்க்கும் இடத்தில் இருக்கும்போது அவளை ஒளிந்து பார்ப்பதையோ படம் எடுப்பதையோ குற்றமாக்குகிறது. முதல் தடவையே 1 முதல் 3 வருடம் சிறை. ஆனால் சட்டம் அங்கே சொல்வது குளியல், கழிப்பறை, உடை மாற்றுவது போன்ற நிலைகள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-E பிரிவும் உடலின் மறைவான பகுதிகளைச் சம்மதமில்லாமல் படம் எடுப்பதைப் பற்றியதே. ஆண், பெண் இருபாலருக்கும் பொருந்தும். 3 வருடம் வரை சிறை அல்லது 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். எதிர் வீட்டுக் கேமரா உங்கள் குளியலறை ஜன்னலையோ, வெளிக் கழிப்பறைக் கதவையோ பார்க்கிறது என்றால் இன்றே ஸ்டேஷனுக்குப் போங்கள், தயங்க வேண்டாம். வாசலையும் துணிக் கொடியையும் மட்டும் பார்க்கிறது என்றால் இந்தப் பிரிவுகள் நேராக ஒட்டாது. நியாய சன்ஹிதாவின் 79-ஆம் பிரிவில், ஒரு பெண்ணின் மானத்தை இழிவுபடுத்தும் எண்ணத்தோடு அவளுடைய அந்தரங்கத்தில் நுழைவது குற்றம் என்று இருக்கிறது. அதில் எண்ணத்தை நிரூபிக்க வேண்டும். பைக் திருட்டுப் போனதற்கு வைத்த கேமரா என்று அவர் சொல்லும்போது அது கடினம். நீங்கள் சொல்லிய பிறகும் வேண்டுமென்றே கேமராவை உங்கள் மாடிப் பக்கம் திருப்பினாலோ, படத்தை எடுத்து யாருக்காவது அனுப்பினாலோ, அல்லது "நேத்து நீ எத்தனை மணிக்கு வந்தேன்னு தெரியும்" என்று பேசினாலோ கதை மாறிவிடும். அப்படி ஏதாவது நடந்தால் தேதி, நேரத்தோடு உடனே எழுதி வையுங்கள்.

தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டதே என்று பலர் அதைப் பெரிய ஆயுதமாக நினைக்கிறார்கள். 2023-ல் இயற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2025 நவம்பரில்தான் விதிகள் வெளியாயின. சம்மதம் வாங்குவது, கேட்டால் அழிப்பது போன்ற முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். அது முடிந்த பிறகும் உங்கள் சந்துக்கு அது வருமா என்பது சந்தேகம்தான். தனி ஆள் ஒருவர் சொந்த, வீட்டு உபயோகத்துக்காக வைத்திருக்கும் தரவுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று 3-ஆம் பிரிவே சொல்கிறது. அப்படியானால் என் வீட்டுச் சுவரில் இருந்து உங்கள் வீட்டைப் பார்ப்பது என் வீட்டு உபயோகமா? ஐரோப்பாவில் இதே கேள்வி 2014-ல் ரைனேஷ் என்ற செக் நாட்டுக்காரர் வழக்கில் வந்தது. ஜன்னலை உடைத்தவர்களைப் பிடிக்கத்தான் அவர் கேமரா வைத்தார், பிடித்தும் கொடுத்தார். ஆனாலும் கேமரா பொதுத் தெருவையும் எதிர் வீட்டு வாசலையும் பார்த்ததால் அது வெறும் வீட்டு உபயோகம் ஆகாது, தரவுச் சட்டம் பொருந்தும் என்றது ஐரோப்பிய நீதிமன்றம். 2021-ல் ஆக்ஸ்போர்டு நீதிமன்றத்தில் அக்கம் பக்கத்து வீட்டார் இருவருக்குள் அழைப்புமணிக் கேமரா பற்றி வழக்கு வந்தபோது, படத்தைவிடப் பேச்சைப் பதிவு செய்ததைத்தான் நீதிபதி பெரிய மீறலாக எடுத்துக்கொண்டார். நம் ஊரில் விற்கும் கேமராக்களிலும் பலவற்றில் மைக் உள்ளேயே இருக்கிறது. வாசலில் நின்று நீங்கள் மாமியாரோடு பேசுவதும் பதிவாகலாம் என்பதை யாரும் யோசிப்பதில்லை. வெளிநாட்டுத் தீர்ப்புகள் நம் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. ஆனால் வாதத்துக்குப் பயன்படும், நான் பயன்படுத்துகிறேன்.

நம் நாட்டிலேயே கிட்டத்தட்ட உங்கள் நிலைமைக்கு அருகில் வரும் தீர்ப்பு 2025 பிப்ரவரியில் கல்கத்தா உயர் நீதிமன்றம் தந்தது. ஒரே வீட்டில் குடியிருக்கும் அண்ணன் தம்பிக்குள் தகராறு. மற்றவர் புழங்கும் குடியிருப்புப் பகுதிக்குள் அவர் சம்மதம் இல்லாமல் சிசிடிவி வைப்பது அந்தரங்க உரிமையை மீறுவது என்று நீதிமன்றம் சொன்னது. மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் அந்த மே மாதம் ஏற்க மறுத்துவிட்டது. அது ஒரே கூரைக்குள் நடந்தது, உங்களுடையது சந்தின் இரண்டு பக்கம். அந்த வித்தியாசத்தை எதிர்த்தரப்பு பிடித்துக்கொள்ளும். தெருவைப் பார்க்கும் அளவுக்கு யாரும் ஒன்றும் செய்ய முடியாது என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். ஆனால் உங்கள் நிலைப்படிக்கு உள்ளே தெரிவதும், மாடியில் உங்கள் சொந்த இடம் தெரிவதும் தெரு ஆகாது.

நிலைப்படிக்கு உள்ளே என்று ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஒருமுறை நீதிமன்றம் என்னை, நேரில் போய்ப் பார்த்து அறிக்கை தரும் ஆணையராக நியமித்த வழக்கில் அதைக் கண்ணால் பார்த்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம். உங்கள் சந்தைப் போலத்தான், ஒரு ஆட்டோ நுழைந்தால் நடப்பவர் திண்ணையில் ஏறி நிற்க வேண்டும். எதிர்வாதி வீட்டில் டிவிக்குக் கீழே ரெக்கார்டர் பெட்டி. அதன் மேல் விபூதித் தட்டு. திரை எட்டுக் கட்டமாகப் பிரிந்திருந்தது; நான்கில் படம், மீதி கறுப்பு. மூன்றாவது கட்டத்தைப் பெரிதாக்கச் சொன்னேன். வாதியின் படிக்கட்டு, பாதி மிதிபட்ட கோலம், குழாயடியில் நீலக் குடம், இரண்டு ஜோடி செருப்பு. எல்லாம் எதிர்பார்த்ததுதான். அப்போது காற்றில் வாசல் திரைச்சீலை ஒதுங்கியது. உள்ளே முன்னறையில் கட்டிலின் கால் தெரிந்தது. கட்டிலில் படுத்திருந்த பாட்டியின் பாதங்கள் தெரிந்தன. முந்தைய இரவுப் பதிவைப் போடச் சொன்னேன். புழுக்கத்துக்குக் கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள். இருட்டிலும் பார்க்கும் கேமரா ஆதலால் கறுப்பு வெள்ளையில் துல்லியமாக இருந்தது: மூன்று மணி சுமாருக்குப் பாட்டி எழுந்து, சேலையைச் சரிசெய்யாமலே, செம்பை எடுத்துத் தண்ணீர் குடிக்கிறார். என் பக்கத்தில் நின்ற வாதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அது அவருடைய அம்மா.

எதிர்வாதி கெட்ட மனிதர் இல்லை. "நான் வண்டியை மட்டுந்தான் சார் பார்ப்பேன். இவ்வளவு உள்ள தெரியும்னு சத்தியமா நினைக்கல" என்றார், அவர் முகத்தைப் பார்த்தால் உண்மை என்றுதான் தோன்றியது. கேமரா மாட்டிய பையனைப் போனில் கூப்பிட்டு வரவழைத்தார். பையன் மவுஸை எடுத்து, மெனுவுக்குள் போய், அந்தக் கதவின் மேலும் படிக்கட்டின் மேலும் ஒரு கறுப்புக் கட்டம் இழுத்தான். பிரைவசி மாஸ்க் என்பார்கள்; அந்தப் பகுதி இனிப் பதிவே ஆகாது. நான்கு நிமிடம் ஆகியிருக்கும். அந்த வழக்கு அதுவரை இரண்டு வருடம் நடந்திருந்தது. இரண்டு வீட்டாரும் கல்யாணம் காதுகுத்துக்குக்கூடப் போய் வருவதை நிறுத்தியிருந்தார்கள். அதே இடத்தில் இன்னொன்றும் கேட்டேன்: இந்தப் படம் எந்தெந்தப் போனில் தெரியும்? செயலியைத் திறந்தார்கள். நான்கு போன். அவருடையது, கோயம்புத்தூரில் இருக்கும் மகனுடையது, மச்சானுடையது, நான்காவது அந்தக் கேமரா மாட்டிய பையனுடையது. மாட்டும்போது சோதித்துப் பார்க்கப் போட்ட கணக்கு, எடுக்க மறந்துவிட்டான். யாருக்கும் எந்த உள்நோக்கமும் இல்லாமல், ஒரு பாட்டி நள்ளிரவில் தண்ணீர் குடிப்பது நான்கு ஆண்களின் சட்டைப் பைக்குள் இருந்தது.

அதனால்தான் கேமரா எங்கே பார்க்கிறது என்பதோடு, படம் எங்கே போகிறது என்பதையும் கேளுங்கள் என்கிறேன். ரெக்கார்டர் பெட்டிக்குள் வட்டு (ஹார்ட் டிஸ்க்) நிறையும் வரை பதிவு இருக்கும். நிறைந்ததும் பழையதன் மேல் புதியது எழுதும். அது எத்தனை நாள் என்பது வட்டின் அளவையும் கேமரா எண்ணிக்கையையும் பொறுத்தது. கைபேசியில் பார்க்கும் வசதி இருந்தால் பெட்டி இணையத்தில் இருக்கிறது என்று அர்த்தம். அப்போது கடவுச்சொல்தான் உங்கள் வீட்டுக் கதவின் தாழ்ப்பாள். அட்மின், 12345 என்று கடையில் வந்தபடியே விட்டுவிடுகிறார்கள். 2016-ல் மிராய் என்ற நச்சு நிரல், இப்படிக் கடவுச்சொல் மாற்றாத கேமராக்களையும் பெட்டிகளையும் லட்சக்கணக்கில் பிடித்துத்தான் அமெரிக்காவில் பெரிய இணையதளங்களை முடக்கியது. 2025 பிப்ரவரியில் குஜராத்தின் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் பரிசோதனை அறைக் காட்சிகள் டெலிகிராமில் விலைக்கு வந்தன. அங்கேயும் எளிதில் ஊகிக்கக்கூடிய கடவுச்சொல்தான் வழிவிட்டது. மருத்துவமனைக்கே அந்தக் கதி என்றால் சந்து வீட்டுப் பெட்டிக்கு என்ன காவல்? இணையத்தோடு இணையும் கேமராக்களைச் சோதித்துச் சான்று பெற்ற பிறகே விற்க வேண்டும் என்ற மத்திய அரசின் விதி 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது நல்லதுதான். அதற்கு முன்பே சுவர்களில் ஏறிவிட்ட கேமராக்களை அது இறக்காது.

இனி திருவிழாக் கேள்வி. தமிழ்நாடு காவல்துறை 2021 முதல் முகம் அடையாளம் காணும் மென்பொருளை மாநிலம் முழுக்கப் பயன்படுத்தி வருகிறது. முகத்தைப் படமாக அல்ல, எண்களின் வரிசையாக மாற்றி, ஏற்கெனவே பட்டியலில் இருக்கும் முகங்களின் எண்களோடு ஒப்பிடும். அதற்கென்று சட்டமன்றமோ நாடாளுமன்றமோ தனிச் சட்டம் எதுவும் இயற்றவில்லை. 2022-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறை அடையாளச் சட்டம், கைதானவர்கள், தண்டனை பெற்றவர்களின் படம், கைரேகை, கருவிழி ஆகியவற்றை எடுத்து 75 வருடம் வைத்திருக்க அனுமதிக்கிறது. அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க வந்த பக்தரைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. புட்டசாமி தீர்ப்போ, அரசு அந்தரங்கத்தில் கை வைக்க வேண்டுமென்றால் முதலில் ஒரு சட்டம் வேண்டும், நியாயமான நோக்கம் வேண்டும், தேவைக்கு மிஞ்சாமல் இருக்க வேண்டும் என்கிறது. போலீஸ் மென்பொருள் முதல் படியிலேயே இடறுகிறது என்பது என் கருத்து. பிரிட்டனில் சவுத் வேல்ஸ் போலீஸ் இதே தொழில்நுட்பத்தைப் பயன்படுத்திய விதம் சட்டத்துக்குப் புறம்பானது என்று 2020 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. யாரைத் தேடலாம், எங்கே வைக்கலாம் என்பதைப் போலீஸாரின் விருப்பத்துக்கு விட்டுவிட்டார்கள் என்பது முக்கியக் காரணம்.

துல்லியம் பற்றிச் சொல்பவர்களிடம் நான் ஒரு கணக்குப் போட்டுக் காட்டுவேன். ஒரு பேச்சுக்கு, ஆயிரம் முகத்தில் ஒன்றை மட்டும் தவறாகச் சொல்லும் கருவி என்று வையுங்கள். நல்ல கருவிதான். சித்திரைத் திருவிழாவில் ஏ.வி. பாலத்தைத் தாண்டி ஒரு லட்சம் பேர் போனால் 100 அப்பாவிகளைக் குற்றவாளி என்று அது கை காட்டும். டெல்லி போலீஸார் 80 சதவீதம் ஒத்துப்போனாலே பொருத்தம் என்று எடுத்துக்கொள்வதாகத் தகவல் உரிமைச் சட்டத்தில் 2022-ல் பதில் தந்தார்கள். அமெரிக்காவின் டெட்ராய்டில் 2020-ல் இப்படித் தவறாகப் பொருந்திய ஒருவரை, மனைவி மக்கள் கண் முன்னால் விலங்கு மாட்டிக் கொண்டுபோனார்கள். நம் மாநில மென்பொருளின் தளத்துக்குள் 2024 மே மாதம் வெளியாள் நுழைந்ததும் செய்தியானது. ஒரு கணக்கின் கடவுச்சொல் கசிந்ததே காரணம் என்றார்கள். அட்டை தொலைந்தால் புது அட்டை வாங்கலாம். முகத்துக்கு எங்கே போவது?

ஆனால் கேமராவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மதுரையில் வக்கீலாக இருந்துகொண்டு அப்படிச் சொல்லவும் மனம் வராது. 2020 ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் தந்தையும் மகனும் சித்திரவதைக்கு ஆளாகி இறந்தார்கள். விசாரிக்கப் போன நீதித்துறை நடுவர் மதுரைக் கிளைக்கு அனுப்பிய அறிக்கையில், அங்கே 1 டெராபைட் வட்டு இருந்தும், பதிவுகள் தினமும் தானாக அழியும்படி அமைத்திருந்தார்கள் என்று எழுதினார். அந்த டிசம்பரிலேயே உச்ச நீதிமன்றம், எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வேண்டும், பதிவை 18 மாதம், முடியாவிட்டால் குறைந்தது ஒரு வருடம் வைக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. 2025 ஜூனில் மடப்புரத்தில் கோயில் காவலாளி ஒருவரைப் போலீஸார் அடிப்பதை ஒருவர் மறைவாக நின்று கைபேசியில் எடுத்தார். ஒத்தக்கடையில் நீதிபதிகள் அந்தக் காணொளியைப் பார்த்தார்கள். குடிமகனைப் பார்க்கும் கேமராவுக்கு நீண்ட ஞாபகமும், அதிகாரத்தைப் பார்க்கும் கேமராவுக்குக் குறுகிய ஞாபகமும் இருக்கும் நிலைமையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. புதிய தரவுச் சட்டமும் குற்றத் தடுப்பு, புலனாய்வு என்றால் அரசுக்கு அகலமான விலக்கு தருகிறது. இந்தப் பக்கம் சண்டை நீளும்.

உங்கள் சந்துக்குத் திரும்புகிறேன். கேமராவை உடைப்பது, சாயம் அடிப்பது, துணி போட்டு மூடுவது எதுவும் வேண்டாம். அப்புறம் நீங்கள் எதிர்வாதி ஆகிவிடுவீர்கள். வீட்டுக்காரரோ, அப்பாவோ, யாராவது பெரியவரோ உடன் வர, அந்த அண்ணன் வீட்டுக்குப் போய் அவருடைய திரையை ஒருமுறை காட்டச் சொல்லுங்கள். கோணத்தைத் தாழ்த்துவது, உங்கள் வாசலுக்கும் மாடிக்கும் கறுப்புக் கட்டம் போடுவது, மைக்கை அணைப்பது, கடவுச்சொல்லை மாற்றுவது, வேறு போன்களை நீக்குவது: இந்த ஐந்தையும் கேளுங்கள். அவருடைய பைக்குக்கு இதனால் ஒரு குறையும் வராது. ஒத்துக்கொண்டால் ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

மறுத்தால், உங்கள் வாசலில் நின்று கேமராவின் கோணம் தெரியும்படி படம் எடுத்து வையுங்கள்; எடுத்த போனை விற்றுவிடாதீர்கள், பின்னால் அந்தப் படத்தை நீதிமன்றம் சாட்சியமாக ஏற்கத் தேவைப்படும், புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழுக்கு அது வேண்டும். பிறகு வக்கீல் நோட்டீஸ். கூடவே ஸ்டேஷனில் மனு கொடுத்து, மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள், வழக்குப் பதியாவிட்டாலும், இன்ஸ்பெக்டர் இரண்டு தரப்பையும் கூப்பிட்டுப் பேசும்போதே முக்கால்வாசி முடிந்துவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். அதற்கும் மசியவில்லை என்றால் சிவில் கோர்ட்டில், இப்படிப் படம் எடுக்கக் கூடாது என்று தடுக்கும் உறுத்துக்கட்டளை கேட்டு வழக்குப் போட்டு, முதல் நாளே ஆணையர் நியமிக்க மனுச் செய்யுங்கள். திரையில் என்ன தெரிகிறது என்று ஆணையர் எழுதும் அறிக்கைதான் அந்த வழக்கின் உயிர். செலவை நினைத்துப் பின்வாங்க வேண்டாம். 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவுப்படி, பெண் என்றாலே வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள ஆணைக்குழு அலுவலகத்தில் ஆதார் நகலும் ஒரு வெள்ளைத்தாள் மனுவும் கொடுத்தால் போதும்.

அவர் வீட்டுத் திரையைப் பார்த்த பிறகு மறுபடி எழுதுங்கள். உங்கள் கதவு திறந்திருக்கும்போது உள்ளே எது வரைக்கும் தெரிகிறது என்பதை மட்டும் மறக்காமல் குறித்துக்கொண்டு வாருங்கள்.